எண்ணிக்கைக் கட்டம்

ஆட்டையாம்பட்டி ஹேச்சரியில்
செவ்வாயும் வெள்ளியும் பொரிப்பு.
ஒரு பொரிப்புக்கு நாற்பத்திரண்டாயிரம்.
கதவைத் திறந்தால் சத்தம் அல்ல, மழை.
அதில் எந்தத் துளி எந்தக் குஞ்சு என்று
பதினேழு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

பெட்டைக்கு மஞ்சள் கூடை.
சேவலுக்கு நீல டிரம்.
டிரம்மைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

தமயந்தி கூப்பிட்டது இரவு இரண்டு பத்துக்கு.
நாமக்கல்லில் கால்நடை படித்தபோது
ஒரு மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்தவள்.
முட்டையை வெளிச்சத்தில் பிடித்து
'அண்ணா, உள்ள ஒரு சிலந்தி' என்று அலறியவள்.
இப்போது கிழக்கு இமயத்தில்
என் வாயில் நிற்காத பேருள்ள ஓர் ஆற்றங்கரையில்.

'வெள்ளை வயித்து நாரைங்கண்ணா.
நின்னா என் நெஞ்சு உசரம்.
உலகம் பூரா தேடினாலும் அறுபது தேறாது.'

அறுபது.
எங்கள் டிரே ஒன்றுக்கு எண்பத்துநாலு குழி.

காற்றில் பைன் மரம் சாய்ந்து
கூட்டிலிருந்த இரண்டில் ஒன்று உடைந்துவிட்டது.
மற்றது என் பெட்டியில்:
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய தெர்மோஸ்டாட்,
பழைய பிரிட்ஜ் கதவு, டேபிள் ஃபேன் மோட்டார்,
போன வருஷம் நான் கட்டி
லாரி பார்சலில் போட்டுவிட்டு மறந்துபோன பெட்டி.

'முப்பது மணி நேரமாச்சு. ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.
மூக்கு தெரியுது. உடைச்சு விட்டுறட்டுங்களா?'

இங்கே அவ்வளவு தாமதித்தது எதுவும்
குஞ்சுக் கணக்கில் வராது, கழிவுக் கணக்கு.
தாமதத்துக்கு எனக்கு வைத்தியம் தெரியாது.
அதை அவளிடம் எப்படிச் சொல்வது.

'ஈரப்பதம் எவ்வளவு காட்டுது?'
'அம்பத்தெட்டு.'
'ஏத்து. துணிய வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு உள்ள வை.
சும்மா சும்மா திறந்து பாக்காத.
ரத்தம் வத்தணும், மஞ்சக்கரு உள்ள ஏறணும்.
அதுக்கு முன்னாடி கை வச்சயின்னா
உன் கையிலயே போயிரும்.'

சொல்லிவிட்டேன்.
சொன்னபிறகுதான் வயிறு கலங்கியது.

போனைப் பெட்டிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள்.
எங்கள் விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
வெளியே ஓடினேன்,
ஜெனரேட்டர் கொட்டகை தாண்டி
முறுக்குக் கம்பெனி சுவர் வரைக்கும்.
ஆறிய எண்ணெய் வாசம்.
வடக்கே சேர்வராயன் மலைமேல்
டவர் விளக்கு சிவப்பாய் அணைந்து அணைந்து எரிந்தது.

டிக்.

நெடுநேரம் எதுவுமில்லை.

டிக்.
பூட்டிய வீட்டுக்குள் இருட்டில் ஒருவர்
தாழ்ப்பாளை எந்தப் பக்கம் இழுப்பதென்று
தடவிப் பார்க்கிற மாதிரி.
டிக். டிக்.

இணைப்பு போய்விட்டது.
விடியும் வரை அடித்தேன். எல்லைக்கு வெளியே என்றது.

அன்று வெள்ளி.
நாலரைக்குக் கதவைத் திறந்தோம்.
மழைக்குள் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்:
மூன்றாவது தள்ளுவண்டி, அடியிலிருந்து இரண்டாம் டிரே,
இடது மூலையில்
ஒன்று.
டிரம்மைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னான் புதுப் பையன் கதிர்வாணன்.
நகர்த்தினேன்.
வேறென்ன செய்திருப்பேன் என்று
நீங்கள் நினைக்கிறீர்கள்?

திங்கட்கிழமை ஒரு படம் வந்தது.
தேய்ந்த துடைப்பம் போல் தலை,
உடம்பில் பாதிக்கு வாய்.
கீழே எழுதியிருந்தாள்:
'ஒரு கால் லேசா வளைஞ்சிருக்கு. பாக்கலாம்.
பெட்டிக்கு பில் அனுப்புங்கண்ணா, ஆடிட்டுக்குக் கேக்கறாங்க.'

பில் புத்தகத்தை எடுத்தேன்.
விவரம்: இன்குபேட்டர், சிறியது.
எங்கள் எண்ணிக்கைக் கட்டம் அகலமானது,
ஐந்து இலக்கத்துக்கென்று அச்சடித்தது.
ஒன்று போட்டேன்,
இடப்பக்கக் கோட்டை ஒட்டி.
மிச்ச இலக்கங்கள் எப்போதாவது வந்தால்
நிற்க இடம் வேண்டும்.
கணக்குப்பிள்ளை திட்டுவார்.
திட்டட்டும்.